நோயில்லாத மாடு, நோய் தரும் சாணம்: ஈ.கோலை ஓ157 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளின் சாணத்தில் ஈ.கோலை ஓ157:எச்7 என்றொரு கிருமி வெளியேறுகிறது. எந்த மாட்டில் கூடுதலாக வெளியேறும், எந்த மாதத்தில், எப்படிப்பட்ட பட்டியில், எந்தத் தீவனத்தில் என்ற கேள்விகளுக்கான பதில்கள் இவை. இதுபற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து பண்ணைகளில் நடந்தது என்பதால் பதில்களும் அந்த மண்ணை ஒட்டியே இருக்கும்.

ஈ.கோலை எல்லார் குடலிலும் இருப்பதுதானே? இதில் என்ன தனி?

நம் குடலில் இருக்கும் ஈ.கோலை வகைகளில் பெரும்பாலானவை சாது. ஓ157:எச்7 அப்படியல்ல. அது ஷிகா நச்சு என்ற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு குடலின் சிறு ரத்தக் குழாய்களைச் சிதைத்து ரத்தப்போக்கை உண்டாக்கும்; ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தையும் தாக்கும். நோய் கண்டவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேர் வரை சிறுநீரகச் செயலிழப்பு வரை போகிறார்கள். இதில் மிகவும் அடிபடுவது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இன்னொரு வித்தியாசம் அளவு. உணவு வழியாக வரும் பல கிருமிகள் லட்சக்கணக்கில் உள்ளே போனால்தான் நோய் வரும். இதற்கு 100 கிருமிகூட வேண்டாம். அதனால்தான் பண்ணையில் சாணத்தைப் பற்றிப் பேசுவது சாப்பாட்டு மேசையைப் பற்றிப் பேசுவதாகவும் ஆகிறது.

1982இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்ட 47 பேருக்கு ரத்தபேதி கண்டபோதுதான் இந்தக் கிருமி மனிதருக்கு நோய் தரும் என்பது முதன்முதலில் தெரிந்தது. 1993இல் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு 700க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 4 குழந்தைகள் இறந்த பிறகுதான் நாடே விழித்தது. அடுத்த ஆண்டு, அரைத்த மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அது கலப்பட உணவு, விற்கக் கூடாது என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

இவ்வளவு கொடிய கிருமி மாட்டை ஏன் ஒன்றும் செய்வதில்லை?

ஷிகா நச்சு செல்லுக்குள் நுழைய ஒரு பிடி வேண்டும். மனித ரத்தக் குழாய்களின் சுவரில் அந்தப் பிடி இருக்கிறது. மாட்டின் குடல் ரத்தக் குழாய்களில் இல்லை. அதனால் கிருமி மாட்டின் குடலில் தங்கிப் பெருகும், சாணத்தில் போகும், மாடு வழக்கம்போலத் தின்று அசைபோடும். காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை, எடை குறைவதில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மடிவீக்கமோ கோமாரியோ வந்தால் விவசாயிக்கு அன்றே தெரியும், அன்றே நட்டம். இதில் பண்ணைக்காரர் கண்ணுக்கு ஒன்றும் படாது, அவர் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது. நோய் வேறொரு ஊரில், வேறொரு வீட்டுக் குழந்தைக்கு வருகிறது. கீழே வரும் பல சிக்கல்களுக்கும் வேர் இதுதான்.

எத்தனை மந்தைகளில் இருக்கிறது?

தேடினால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். அமெரிக்காவின் மத்திய மேற்கில் 5 ஃபீட்லாட்களில், அதாவது மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தானியம் கொடுத்துக் கொழுக்க வைக்கும் இடங்களில், 29 பட்டிகளை ஆராய்ந்தார்கள். 3,162 மாடுகளில் 719 மாடுகளின் சாணத்தில் கிருமி இருந்தது. கிருமியே இல்லாத பட்டி என்று ஒன்றுகூட இல்லை.

அதனால் “என் மந்தையில் இருக்கிறதா?” என்று கேட்பதில் பயன் குறைவு. “எத்தனை மாடு, எவ்வளவு, எப்போது?” என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரே பட்டியில் நிற்கும் மாடுகள் எல்லாம் ஒரே அளவில் கிருமியை வெளியேற்றுமா?

இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பெரும்பாலான மாடுகள் சில நாட்களோ சில வாரங்களோ கொஞ்சமாக வெளியேற்றிவிட்டு நின்றுவிடும். பிறகு மீண்டும் தொற்றும். ஒரு மாடு தொடர்ச்சியாக வெளியேற்றுவது பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் சில மாடுகளின் சாணத்தில் ஒரு கிராமுக்கு 10,000 கிருமிக்கும் மேல் இருக்கும். இவற்றை ஆராய்ச்சியாளர்கள் சூப்பர் ஷெட்டர் என்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பண்ணைத் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று, ஏறக்குறைய 20 விழுக்காடு மாடுகளே 80 விழுக்காடு பரவலுக்குக் காரணம் என்று காட்டியது.

கிருமி மாட்டின் உடலில் எங்கே ஒட்டுகிறது என்பதில் இதற்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. குடல் முழுவதும் பரவியிருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2003இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரில், ஆசனவாயை ஒட்டிய சவ்வில்தான் அது கூட்டமாக ஒட்டிப் பெருகுவது தெரிந்தது. வெளியே வரும் சாணம் வாசலைக் கடக்கும்போது மேல்பரப்பில் கிருமியை வழித்துக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் ஒட்டு பலமாக விழுந்த மாடு சூப்பர் ஷெட்டர் ஆகிறது.

எந்த மாடு என்று பார்த்துச் சொல்ல முடியாது. இன்று சூப்பர் ஷெட்டராக இருப்பது அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். “அந்த நாலு மாட்டைப் பிரித்து வைத்தால் போதுமே” என்ற யோசனை நடைமுறையில் கைகொடுக்காததற்கு இதுவே காரணம்.

எந்த வயது மாடுகளில் அதிகம்?

பால்குடி மறந்த இளங்கன்றுகளிலும் இளம் கிடேரி, காளைகளிலும் அதிகம். வளர்ந்த பசுக்களில் குறைவு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சின்னக் கன்றுகளிலும் பொதுவாகக் குறைவுதான். பால் மறக்கும் நேரத்தில் குடலில் பழைய கிருமிக் குடும்பம் கலைந்து புதியது குடியேறுகிறது. அதே சமயத்தில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து, வெவ்வேறு பண்ணைக் கன்றுகளோடு கலக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. இறைச்சிக்குப் போவதும் பெரும்பாலும் இந்த இளம் மாடுகள்தான் என்பதை மறக்கக் கூடாது.

கோடையில் ஏன் கூடுகிறது?

வட அமெரிக்காவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உச்சம், குளிர்காலத்தில் அடிமட்டம். ஆண்டுதோறும் இதே வடிவம்தான். வெப்பத்தில் கிருமி தண்ணீரிலும் ஈரத் தீவனத்திலும் பெருகுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஈக்கள் மிகுவது இன்னொன்று. பகல் நீள்வதால் மாட்டின் உடலில் நடக்கும் மாற்றம் என்று கருதுவோரும் உண்டு.

ஸ்காட்லாந்தில் கணக்கு கொஞ்சம் புதிராக வந்தது. அங்கே குளிர்மாதங்களில்தான் கிருமி உள்ள மாடுகளின் எண்ணிக்கை கூடுதல். ஆனால் வெயில் மாதங்களில், கிருமி உள்ள மாடு ஒவ்வொன்றும் வெளியேற்றும் அளவு கூடுதல். மனிதருக்கு நோய் வருவது வெயில் மாதங்களோடுதான் ஒத்துப்போகிறது. எத்தனை மாடு என்பதைவிட ஒவ்வொரு மாடும் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதற்கு எடை அதிகம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பட்டி சேறாக இருந்தால் என்ன?

மேலே சொன்ன 29 பட்டி ஆய்விலேயே சேறான பட்டிகளில் நின்ற மாடுகளில் கிருமி கூடுதலாக இருந்தது. மழைக்குப் பிறகு ஒரு ஃபீட்லாட் பட்டியைப் பாருங்கள். தீவனத் தொட்டியை ஒட்டிய இடத்தில்தான் மாடுகள் அதிக நேரம் நிற்கும், அங்கேதான் சாணமும் மூத்திரமும் அதிகம் விழும். குளம்பு முழுக்கப் புதையும். படுத்து எழுந்தால் வயிற்றிலும் விலாவிலும் சேறு அப்பிக்கொள்ளும். அது காய்ந்து, மயிரோடு பிணைந்து, உரித்தாலும் வராத சாணிக்கட்டிகளாகத் தொங்கும். பக்கத்து மாடு அதை நக்கும். சாணத்திலிருந்து வாய்க்கு இவ்வளவு குறுகிய பாதை வேறெங்கும் இல்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரு பட்டி மாடுகள் அத்தனையும் ஒரே இடத்தில் வாய் வைப்பது அங்கேதான். தண்ணீரின் மேற்பரப்பு தெளிவாக இருக்கலாம். கையை விட்டு அடியைத் துழாவினால் கரும்பச்சைக் கசடு வரும்: மாட்டின் வாயிலிருந்து விழுந்த தீவனம், எச்சில், காற்றில் வந்த தூசி, பாசி. அந்தக் கசட்டில் இந்தக் கிருமி 6 மாதத்துக்கும் மேல் உயிரோடு இருந்து, அதன் பிறகும் கன்றுகளுக்குத் தொற்றியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குளோரின் போட்டால் தீராதா என்று உடனே கேட்பார்கள். அதைப் பட்டிகளில் செய்து பார்த்தார்கள். கசடும் எச்சிலும் வெயிலும் குளோரினைத் தின்றுவிடுகின்றன; மாடுகளில் கிருமி குறையவில்லை. தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுவது நல்ல பழக்கம், செய்யத்தான் வேண்டும். அது மட்டுமே இந்தக் கிருமியை விரட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தீவனத்தால் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கிறது. கனடாவின் தென் ஆல்பர்ட்டாவில் மாடுகளைக் கொழுக்க வைப்பது பார்லி; அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மக்காச்சோளம். பார்லி தின்னும் மாடுகளில் கிருமி கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. மக்காச்சோளத்திலும், நீராவியில் வேகவைத்து அவலாகத் தட்டியதைத் தின்ற மாடுகளைவிட, வெறுமனே உடைத்துக் கொடுத்ததைத் தின்ற மாடுகளில் குறைவு.

காரணம் மாவுச்சத்து எங்கே செரிக்கிறது என்பதில் இருப்பதாகக் கருதுகிறார்கள். பார்லியும் அவலும் முதல் இரைப்பையிலேயே கரைந்துவிடும். உடைத்த சோளத்தின் மாவுச்சத்தில் ஒரு பங்கு தப்பிப் பெருங்குடல்வரை போகும். அங்கே புளித்து அமிலமாகும். அந்தப் புளிப்பு ஓ157க்கு ஒத்துவராது.

எத்தனால் ஆலைச் சக்கை வேறு கதை. 2000க்குப் பிறகு அமெரிக்காவில் சோளத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆலைகள் பெருகியபோது, மாவுச்சத்தை எடுத்த மீதி ஈரச் சக்கை மலிவாகக் கிடைத்தது. மாட்டுக்கு நல்ல புரதம். கான்சாஸிலும் நெப்ராஸ்காவின் கிளே சென்டரிலும் செய்த ஆய்வுகளில், சக்கை தின்ற மாடுகளில் ஓ157 கூடியது. தீவனத்தில் 40 விழுக்காடு வரை சக்கை சேர்க்கும்போது தெளிவாகக் கூடியது. குறைந்த அளவில் சேர்த்தால் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. எரிபொருளுக்காக எடுத்த ஒரு முடிவு மாட்டின் குடலுக்குள் வந்து நிற்கிறது.

அப்படியானால் புல் மட்டும் மேய்ந்த மாட்டின் இறைச்சி பாதுகாப்பானதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த நம்பிக்கை 1998இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. கொல்வதற்குமுன் சில நாட்கள் வைக்கோல் கொடுத்தால், அமிலத்தைத் தாங்கும் ஈ.கோலை வெகுவாகக் குறைவதாக அது சொன்னது. அது பொதுவான ஈ.கோலையைப் பற்றியது. ஓ157ஐயே எடுத்துச் செய்த பின்னாளைய சோதனையில், வைக்கோல் தின்ற மாடுகள் தானியம் தின்றவற்றைவிட அதிக நாட்கள் கிருமியை வெளியேற்றின. மேய்ச்சல் மாட்டிலும் இந்தக் கிருமி உண்டு. புல்லில் வளர்த்ததை வேறு நல்ல காரணங்களுக்காக வாங்கலாம். வேகவைப்பதில் சலுகை கொடுக்கக் கூடாது.

வெளியிலிருந்து மந்தைக்குள் எப்படி வருகிறது?

வாங்கிச் சேர்த்த மாடுகள், பறவைகள், ஈக்கள், மான், காட்டுப்பன்றி, பக்கத்துப் பண்ணை ஓடை. வெளியிலிருந்து மாடே வாங்காத மந்தையிலும் கிருமி இருப்பதைப் பார்த்தால், கதவை அடைப்பதால் மட்டும் தீராது என்பது தெரியும்.

பட்டியில் கிருமி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு மாட்டையும் பிடித்து மலக்குடல் சவ்வில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பது துல்லியமான வழி. ஆனால் நூற்றுக்கணக்கான மாடுகள் நிற்கும் பட்டியில் அது மாட்டுக்கும் ஆளுக்கும் பெரும்பாடு. நெப்ராஸ்காக்காரர்கள் ஓர் எளிய வழி கண்டார்கள். மாலையில் பட்டி வேலியில் பருத்திக் கயிறுகளைத் தொங்கவிடுவார்கள். இளம் மாடுகளுக்குப் புதியது எதைக் கண்டாலும் முகர வேண்டும், நக்க வேண்டும், கடிக்க வேண்டும். காலையில் கயிறுகள் எச்சிலில் ஊறி, நுனி பிரிந்து கிடக்கும். அவற்றைச் சோதித்தால் எந்தப் பட்டியில் கிருமி மிகுந்திருக்கிறது என்பது தெரியும். மாட்டின் இயல்பை அறிந்தவர்கள் கண்ட வழி இது.

பண்ணையில் கூடினால் இறைச்சியிலும் கூடுமா?

ஆம், பெரும்பாலும் தோல் வழியாக. 1999 கோடையில் அமெரிக்க இறைச்சிக்கூடங்களில் எடுத்த கணக்கில், எடுத்த சாண மாதிரிகளில் 28 விழுக்காட்டிலும், தோல் உரித்தபின் குடலெடுக்கும் முன் உடலின் மேற்பரப்பில் எடுத்த மாதிரிகளில் 43 விழுக்காட்டிலும் கிருமி இருந்தது. கழுவுதல், வெந்நீர், அமிலத் தெளிப்பு எல்லாம் முடிந்தபின் 2 விழுக்காடாகக் குறைந்தது. கூடங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் உள்ளே வரும் சுமை கூடினால் தப்பி வெளியே போவதும் கூடும்.

லாரியிலும் இறைச்சிக்கூடத்தின் காத்திருப்புப் பட்டியிலும் முந்தைய மந்தையின் சாணம் புதிய மாட்டின் தோலில் ஏறுகிறது. சுத்தமான பட்டியில் வளர்ந்த மாடும் கடைசிச் சில மணி நேரத்தில் அழுக்காகிவிடலாம்.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இது எனக்கு எதற்கு?

சாணம் இறைச்சியோடு மட்டும் போவதில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் பெருமழை பெய்தது. பக்கத்து வயலில் போட்ட மாட்டெரு மழைநீரோடு ஊரின் ஆழமில்லாத குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. குளோரின் சேர்ப்பதையும் சோதிப்பதையும் அங்கே சரியாகச் செய்யவில்லை. பதிவேட்டில் பொய்க் கணக்கு எழுதியிருந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர். எரு போட்ட விவசாயிமீது தவறில்லை, முறைப்படியே நடந்திருக்கிறார் என்று விசாரணை சொன்னது.

2006இல் கலிபோர்னியப் பசலைக்கீரையால் 26 மாநிலங்களில் சுமார் 200 பேருக்கு நோய் வந்தது. அதே ரகக் கிருமியை வயலுக்குப் பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிகளிடமும் கண்டார்கள். 2018இல் அரிசோனாவின் யூமா பகுதி லெட்யூஸ் கீரையால் 210 பேர் நோயுற்று 5 பேர் இறந்தனர். பெரிய ஃபீட்லாட் ஒன்றை ஒட்டி ஓடும் பாசனக் கால்வாயின் நீரில் அந்தக் கிருமி இருந்தது. பச்சையாகத் தின்னும் கீரையை அடுப்பு காப்பாற்றாது.

தடுப்பூசி இல்லையா?

இருந்தது. எகோனிச் என்ற தடுப்பூசிக்கு 2008இல் கனடா முழு உரிமம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வேறொரு தடுப்பூசிக்கு நிபந்தனை உரிமம் கிடைத்தது. கிருமி வெளியேறுவதை இவை முற்றாக நிறுத்தாது. ஆனால் கணிசமாகக் குறைக்கும், குறிப்பாக அதிகமாக வெளியேற்றும் மாடுகளில். 2013இல் வெளிவந்த ஒரு கணிப்பு, மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டால் மனித நோயாளிகள் எண்ணிக்கை 85 விழுக்காடு வரை குறையலாம் என்றது.

வாங்க ஆளில்லை. எகோனிச் சந்தையை விட்டே போனது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மாட்டையும் இரண்டு மூன்று தடவை பிடித்து ஊசி போட வேண்டும். மாடு கூடுதலாக எடை போடாது, கூடுதல் விலைக்கும் போகாது. செலவு முழுக்க அவருடையது, பலன் முழுக்க அவர் பார்த்தேயிராத ஒருவருடையது. இப்படிப்பட்ட செலவை அரசோ, இறைச்சி வாங்கும் பெரிய நிறுவனங்களோ ஏற்றிருக்க வேண்டும். ஏற்கவில்லை. வேலை செய்யும் மருந்து கையில் இருந்தும் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியிலேயே அது நின்றுபோனது எனக்கு ஆறாத வருத்தம்.

தடுப்பூசி இல்லாமல் பண்ணையில் என்ன செய்யலாம்?

பட்டியை வடிகாலோடு சரிவாக அமைத்துச் சேறு தேங்காமல் பார்ப்பது, தொட்டிகளைக் கழுவுவது, ஒரே கூட்டத்தைக் கடைசிவரை கலைக்காமல் வைப்பது. தீவனத்தில் சேர்க்கும் சில லாக்டோபாசிலஸ் நுண்ணுயிர்கள் ஓரளவு குறைப்பதாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. எருவை நன்றாக மக்கவைத்துப் போடுவது எல்லாவற்றிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் வேலை. குவியலின் உள்ளே சூடேறிக் கிருமி சாகும். ஓரத்தில் ஆறிக் கிடப்பதில் சாகாது. அதனால் கிளறிவிட்டு ஓரத்தை உள்ளே தள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம். கன்றைத் தொடட்டும். தொட்ட கையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தின்பண்டம் கொடுக்க வேண்டாம். கிளம்பும்முன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கையில் சாணம் ஒட்டியிருக்கும்போது சானிடைசர் மட்டும் போதாது. செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். அங்கே கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் வீட்டுப் பழக்கத்தை எந்த நாட்டுக்குப் போனாலும் விட வேண்டாம். அரைத்த இறைச்சி நடுப்பகுதி வரை 71 டிகிரி செல்சியஸ் வேக வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்.

பண்ணைக்குப் போய்வந்த சில நாட்களில் குழந்தைக்கு ரத்தத்தோடு பேதியானால், வீட்டில் இருக்கும், பேதியை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாட்டிக்கையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் அவை சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டக்கூடும். உடனே மருத்துவரிடம் போங்கள். மாடுகளோடு இருந்தோம் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.